தேனீயைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது: பெட்டியா, வீடியோவா, பரங்கிப் பூவா?

போன வருஷம் ஆவணியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். கிளம்பும்போது ஐயாயிரம் ரூபாயை என் கையில் வைத்து, "திண்ணைப் பிள்ளைங்களுக்கு ஏதாவது உருப்படியா செய்ம்மா" என்றார். திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகத் தொடங்கிய பழக்கம் விடாமல், சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் வகுப்பு நடத்துகிறேன். மொத்தம் 14 பேர். எல்லாருக்கும் 5 முதல் 8 வயதுக்குள்.

அதற்கு முந்தின வாரம்தான் ஊர் மேல்நிலைத் தொட்டியில் தொங்கிய மலைத்தேனீக் கூட்டை ராத்திரியில் பந்தம் காட்டி எரித்திருந்தார்கள். காலையில் தொட்டிக்குக் கீழே கருகிக் கிடந்தவற்றைப் பிள்ளைகள் செருப்பால் நசுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நிமிர்ந்து, "ஏன்க்கா, கொட்டறதைத் தவிர இது வேற என்ன வேலை பார்க்கும்?" என்று கேட்டான். அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சரி, பணத்தைத் தேனீக்கே செலவு செய்வோம் என்று முடிவெடுத்தேன். எப்படி என்பதில்தான் குழப்பம். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு வருஷத்தில் பெட்டியைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். பெட்டியில் ஏற்கெனவே சூடுபட்டவள் நான்.

எல்லாரும் முதலில் சொன்னது வீடியோ. செலவே இல்லை. போனை டிவியில் இணைத்தால் போதும். கூட்டின் உள்ளே முட்டை எப்படி இருக்கிறது, புழுவுக்கு எப்படி ஊட்டுகிறார்கள் என்பதைக் கண்ணுக்குப் பக்கத்தில் காட்ட வேறு வழியும் கிடையாது. ஆனால் அதையே முதல் பாடமாக வைத்தது தப்பு என்று பிறகுதான் புரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்காக வரும் பொம்மைப் படங்களில் தேனீ வீடு என்றால் கவிழ்த்த கூடை மாதிரி ஒன்று மரத்தில் தொங்கும். அது பெரும்பாலும் குளவிக் கூட்டின் உருவம். பூவுக்குப் பூ பறந்து தேன் எடுக்கும் கதாநாயகன் ஆண் பிள்ளையாக இருப்பான். நிஜத்தில் தேன் எடுப்பது, கூடு கட்டுவது, காவல் நிற்பது எல்லாமே பெண் தேனீக்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கும் கிடையாது, வேலையும் கிடையாது. ராணியோடு சேருவதற்காக மட்டும் வளர்க்கப்படுவது அது. இதைச் சொன்னதும் ஒரு பெண் குழந்தை, "எங்க மாமா மாதிரியாக்கா?" என்றது. உண்மைப் படங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றில் வருவது வெள்ளைப் பெட்டிகளும் இத்தாலியத் தேனீயும்தான். இரண்டு நாள் படம் பார்த்த பிறகு, தேனீ எங்கே இருக்கும் என்று கேட்டேன். "ஃபாரின்ல" என்று பதில் வந்தது. அதைக் கேட்டபோது எங்கள் கொல்லை முருங்கை பூத்து இரைந்துகொண்டிருந்தது.

அடுத்த யோசனை பெட்டி. ஐயாயிரம் ரூபாய் என்றதும் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். நம் பக்கம் இந்தியத் தேனீக்கு வைக்கும் சின்ன மரப்பெட்டியை நியூட்டன் பெட்டி என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் தென்னாட்டில் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்த ஒரு பாதிரியாரின் பெயர் அது. கீழே புழு அறையில் தேனீ அடை கட்ட 7 மரச்சட்டம், மேலே தேன் அறை. ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினால் தேனீயின் வாழ்க்கை முழுவதும் அதிலேயே இருக்கும். முட்டை 3 நாள், அப்புறம் புழு, அப்புறம் மூடிய அறைக்குள் கூட்டுப்புழு, மொத்தம் ஏறக்குறைய 20 நாளில் ஒரு வேலைக்காரத் தேனீ வெளியே வரும். ராணி மட்டும் 16 நாளிலேயே தயார். நாள்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டே இதைப் பின்தொடர்ந்தால் அதைவிட நல்ல அறிவியல் பாடம் இல்லை. இதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

ஆனால் அந்தப் பெட்டி பால்மாடு மாதிரி. நாளும் ஒரு ஆள் பார்க்கணும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு ஒன்று வைத்திருந்தேன். எறும்பு ஏறாமல் இருக்கத் தாங்கியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும், அது காயாமல் பார்க்க வேண்டும். ஒரு வாரம் திறந்து பார்க்காமல் விட்டேன், மெழுகுப்பூச்சி அடையில் நூலாம்படை கட்டிவிட்டது. அதையும் சமாளித்தேன். ஐப்பசி அடைமழையில்தான் தோற்றேன். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை என்றால் கண்ணுக்கெட்டியவரை சம்பாப் பயிர். தேனுக்கான பூ கிடையாது, மழையில் தேனீ வெளியே போகவும் முடியாது. அந்த நாட்களில் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைக்கணும். நான் இரண்டு வாரம் உறவுக்காரர் கல்யாணம் என்று அலைந்துவிட்டு வந்து திறந்தால் பெட்டி காலி. இந்தியத் தேனீக்கு இந்தக் குணம் உண்டு. தீனி இல்லை, தொல்லை அதிகம் என்றால் குடும்பத்தோடு வேறிடம் பார்த்துப் போய்விடும். சுற்றிலும் வயலில் மருந்து அடிக்கும் நாட்களில் வேறு வயிற்றில் நெருப்பு. 1990களில் தென்னிந்தியாவில் ஒரு வைரஸ் நோய் வந்து இந்தியத் தேனீக் குடும்பங்களை ஊர் ஊராக அழித்தது. அதற்குப் பயந்து பெட்டியைப் பரணில் போட்டவர்கள் பலர்.

இதெல்லாம் தேனீயின் பக்கம். பிள்ளைகளின் பக்கமும் இருக்கிறது. ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கில் தேனீ. என் திண்ணையில் 14 பேர், பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. ஐந்து வயதுக் குழந்தை பயந்தால் ஓடாது, கையை வீசும். அது போதும் கொட்டு வாங்க. தோட்டமும் அதற்கென்று ஒரு ஆளும் உள்ள நடுநிலைப்பள்ளி, 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் பெட்டி வாங்கச் சொல்வேன். என் திண்ணைக்கு வேண்டாம்.

பெட்டி வைத்திருப்பவரிடம் அழைத்துப் போவது மூன்றாவது வழி. மாசியில் போனோம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது எல்லாருக்கும் தெரியும். அவர் தோப்பிலும் பாதிக்கு மேல் போய், திரும்ப நட்டவை இப்போதுதான் பாளை விடுகின்றன. தென்னை வருஷம் பூராவும் பாளை விடும் என்பதால் தேனீக்கு அங்கே எப்போதும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். வேன் வாடகை மட்டும் 2,800 ரூபாய் ஆனது.

வேனிலிருந்து இறங்கியதும் அந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "யாராச்சும் வாழப்பழம் தின்னீங்களா?" நாங்கள்தான் வழியில் ஆளுக்கு ஒரு பூவம்பழம் கொடுத்துக்கொண்டு வந்திருந்தோம். எல்லாரையும் வாய் கொப்பளித்துக் கை கழுவ வைத்தார். கொட்டிய தேனீ மற்ற தேனீக்களைக் கூப்பிட ஒரு வாசனையை விடும். அந்த வாசனையில் முக்கியமான பொருள்தான் பழுத்த வாழைப்பழத்திலும் மணக்கிறது. வாழைத்தோப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது அன்றுதான் தெரியும். மல்லிகைப்பூ வைத்திருந்த பெண் பிள்ளைகளைக் கழற்றச் சொன்னார். பறக்கும் வழிக்குக் குறுக்கே நிற்காமல் பெட்டிக்குப் பின்பக்கம் நிறுத்தினார்.

ராணியைப் பார்த்ததும் ஒரு ஏமாற்றம். "கிரீடம் எங்கக்கா?" இந்த ராணி என்ற பெயரே வம்பு. அது யாருக்கும் கட்டளை போடுவதில்லை. நாள் முழுக்க முட்டை இடுவதுதான் அதன் வேலை. அது நன்றாக முட்டை இடவில்லை என்றால் வேலைக்காரத் தேனீக்களே வேறு ராணியை வளர்த்துவிடும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் வாய் பிளந்து கேட்டார்கள். ஐந்து வயதுக்காரர்களில் இருவர் அழுதார்கள், ஒருவன் வேனில் தூங்கிவிட்டான். அவர்களுக்கு இந்தப் பயணத்தில் நினைவிருப்பது தேன் நக்கியது மட்டும்தான். ஆகவே பெரியவர்களை மட்டும், அதுவும் ஊரில் கொஞ்சம் பார்த்துப் பழகிய பிறகு அழைத்துப் போவது நல்லது. காசைப் பார்த்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஆகாது.

இனி, எனக்குப் பிடித்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பழைய ஓட்டு வீடுகள் நிற்கின்றன. ஒன்றின் வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் விரல் நுழையாத ஓட்டையில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். கருப்பாக, பிசுபிசுப்பாக. அதன் வாயில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தபடி இருப்பார்கள். கொசுத் தேனீ. கொசு அளவுதான், கொட்டக் கொடுக்கே பயன்படாது. ரொம்பச் சீண்டினால் தலைமுடியில் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். தினமும் அந்த வழியாகப் போன பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அது தேனீ என்று தெரியாது. பத்து நிமிஷம் சும்மா உட்கார வைத்தேன். காலில் மஞ்சள் உருண்டையோடு வருபவை எத்தனை, வெறுங்காலோடு வருபவை எத்தனை என்று எண்ணச் சொன்னேன். இரண்டு கட்டமாகக் கோடு போட்டு எண்ணினார்கள். எங்கள் திண்ணை வரலாற்றில் சத்தமே இல்லாத பத்து நிமிஷம் அது.

தை மாதம் அந்த வீட்டின் பின்சுவரை இடித்தபோது உள்ளே இருந்த இன்னொரு கூடு வெளியே வந்தது. கொத்தனார் தாத்தா தூக்கிப் போடாமல் எங்களைக் கூப்பிட்டார். பாடப்புத்தகத்தில் இருக்கும் அறுகோண அறை அதில் இல்லை. திராட்சைக் கொத்து மாதிரி பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிக் குடங்கள். சிலதில் தேன், சிலதில் மகரந்தம். குஞ்சு வளரும் அறைகள் தனிக் கொத்து. மெழுகோடு மரப்பிசினைக் கலந்து கட்டுவதுதான் அந்தக் கருப்புக்குக் காரணம். தேன் லேசாகப் புளித்தது. கூட்டைப் பக்குவமாக ஒரு மண் கலயத்தில் வைத்து, பழைய குழாயையே வாயில் ஒட்டி, எரவாணத்தில் கட்டித் தொங்கவிட்டோம். கலயம் 80 ரூபாய். மூன்றாம் நாள் வாயில் காவல் நின்றார்கள். இதற்கு ஒரு குறை உண்டு: கூட்டமாகத் தேன் சேர்ப்பது, காவல், மகரந்தம் எல்லாம் கொசுத் தேனீயில் காட்டலாம், பூ இருக்கும் இடத்தை மற்றவற்றுக்குச் சொல்லத் தேனீ ஆடும் நடனத்தைக் காட்ட முடியாது. உணவு இருக்கும் இடத்துக்கு வாசனை வைத்து வழி காட்டும் வகை இது.

நடனத்துக்குக் கொம்புத் தேனீ இருக்கிறது. மருதாணி வேலியிலோ எலுமிச்சைக் கிளையிலோ உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடையாகத் தொங்கும். இது கொட்டும், ஆனாலும் சீண்டாமல் ஆறடி தள்ளி நின்றால் தொந்தரவு இல்லை. அடை கிளையைச் சுற்றிப் பிடித்திருக்கும் இடத்தில் மேற்புறம் தட்டையாக ஒரு மேடை மாதிரி இருக்கும். தீனி கண்டுவந்த தேனீ அந்த மேடையில், திறந்த வெளியில், பூ இருக்கும் திசையை நோக்கியே ஓடி வாலை ஆட்டும். பெட்டித் தேனீ இருட்டில், செங்குத்தான அடையில் ஆடுவதால், மேலே என்றால் சூரியன் இருக்கும் திசை என்று மனசுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கைப் பிரித்துச் சொன்ன விஞ்ஞானி கார்ல் வான் ஃப்ரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதை ஆறு வயதுக்கு விளக்குவது நடக்காத காரியம். கொம்புத் தேனீ ஆடுவது அப்படியே கைகாட்டுவது போல. இதே மருதாணிச் செடியில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. கூட்டுக்கு இரண்டு பக்கமும் கிளையில் பிசின் தடவி வைத்திருக்கும், எறும்பு ஒட்டிக்கொள்ளும். நான் பெட்டிக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணத்தைவிட உருப்படியான ஏற்பாடு.

பார்த்துவிட்டு வந்து களத்துமேட்டில் விளையாடினோம். ஒரு இடத்தில் வெல்லக்கட்டியை ஒளித்து வைப்பேன். பார்த்தவள் வந்து வாய் திறக்காமல் ஆட வேண்டும். திசைக்கு ஓடணும், தூரம் அதிகம் என்றால் நேரம் கூட்டி இடுப்பை ஆட்டணும். முதல் நாள் எல்லாரும் சிரித்தே கெடுத்தார்கள். நாலாம் நாள் வைக்கோல்போரின் பின்னால் இருந்ததை இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்தார்கள். இதற்குச் செலவு அரைக்கிலோ வெல்லம். வீடியோவில் நடனத்தைக் காட்டினால் இதற்குப் பிறகு காட்ட வேண்டும். மூன்று நிமிஷப் படத்துக்கு அப்போது அவர்களே விளக்கம் சொல்கிறார்கள்.

கடைசியாகப் பரங்கி. ஊரெல்லாம் பூசணிப்பூ என்றாலும் மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையாருக்குச் செருகுவது பரங்கிப் பூதான். என் பாட்டி கொடியில் பார்த்துப் பார்த்துக் காம்பு நீண்ட பூவையே கிள்ளுவார். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் தொடவே விடமாட்டார். ஆண் பூ, பெண் பூ என்ற பாடத்தை யாரும் எங்களுக்குத் தனியாக நடத்தவில்லை. அதைத்தான் பிள்ளைகளிடம் எடுத்தேன். ஆவணிக் கடைசியில் கொல்லையில் விதை போட்டோம். நாளை விரியப்போகும் பெண் மொட்டு நுனியில் மஞ்சள் காட்டும். சாயங்காலமே அதில் ஒன்றைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டினோம், இன்னொன்றை அப்படியே விட்டோம். பரங்கிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும், ஆக பள்ளிக்கூடம் போகுமுன் ஏழு மணிக்கு ஆஜர். ஆண் பூவுக்குள் புரண்டு உடம்பெல்லாம் மாவு பூசிய மாதிரி வெளியே வரும் தேனீயை இப்படித்தான் முதல் தடவையாகப் பக்கத்தில் பார்த்தார்கள்.

முதல் சோதனை ஊத்திக்கொண்டது. மூடிய பூ உதிர்ந்தது சரி. திறந்து விட்டதைப் பக்கத்து வீட்டு ஆடு கடித்துவிட்டது. இரண்டாவது தடவை ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, மூடியது, மூடாதது எல்லாமே மஞ்சளித்து விழுந்தது. "மழையில தேனீ வரலைக்கா, அதான்" என்று அந்த இரண்டாம் வகுப்புப் பையன்தான் கண்டுபிடித்தான். மார்கழியில் நடந்தது மூன்றாவது தடவை. மூடியது ஒரு வாரத்தில் உதிர்ந்தது. மூடாதது காய்த்தது. மூடிவைத்து, காலையில் ஆண் பூவைக் கிள்ளி நாங்களே தேய்த்த பூவும் காய்த்தது. அந்தக் காய் பொங்கல் குழம்புக்குப் போனபோது பக்கத்து வீட்டம்மாவிடம், "இது தேனீ வேலையை நான் செஞ்ச காய்" என்று ஒருத்தி விலை பேசிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேனீ அழிந்தால் நாலு வருஷத்தில் மனிதன் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வரும். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. நெல் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும் பயிர், அதற்குத் தேனீ வேண்டியதில்லை. டெல்டாப் பிள்ளையிடம் "தேனீ இல்லாட்டி சோறு இல்லை" என்று சொன்னால் ஒரு நாள் அதுவே வயலைப் பார்த்து உங்களைப் பொய்க்காரி ஆக்கிவிடும். சோறு இருக்கும், குழம்பில் போடப் பரங்கியும் மாங்காயும்தான் குறையும் என்று சொல்லலாம். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

எந்த வழியை எடுத்தாலும் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இதற்கு முன் கொட்டி மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு வந்த பிள்ளை உண்டா என்று. இருந்தால் கொசுத் தேனீயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அது தசையில் இருக்கும்வரை நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும். மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால் பச்சிலை தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டுக்குக் கொடுத்துவிடும் தேனை ஒரு வயது ஆகாத தம்பி தங்கைக்கு நாக்கில் தடவக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். நம் வீடுகளில் அந்தப் பழக்கம் இருக்கிறது.

மலைத்தேனீயை எந்த வழியிலும் சேர்க்கவில்லை. அதைத் தூரத்திலிருந்து மட்டும் பார்க்கலாம். குளவி பக்கத்தில் வந்தால் கூட்டின் மேல் அலை அடித்த மாதிரி ஒரு அசைவு ஓடும், அது குளவியை விரட்டுவதற்கு. கோபுரத்தில் கூடு உள்ள கோயிலுக்குப் போனால் கீழே நின்று காட்டுங்கள், கல் எடுக்கும் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐயாயிரத்தில் வேனுக்கு 2,800, தோப்பில் வாங்கிய தேன் 600, கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி இரண்டு 300, கலயமும் வெல்லமும் கொசுவலைத் துணியும் சேர்த்து 200. மீதி 1,100 இருக்கிறது. இந்த வருஷம் வேன் கிடையாது. எரவாணத்தில் இன்னும் மூன்று கலயம், கொல்லையில் பரங்கிக்கு ஆட்டுக்கு எட்டாத ஒரு வேலி.